ஆள் வருவதற்கு முன்னே போட்ட கொட்டகை

எங்கள் தோட்டத்தில் ஒருவரை "மகரகமைக்கு எழுதிட்டாங்க" என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் என்ன நோய் என்று யாரும் கேட்பதில்லை. கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் கடைத்தெரு உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, கல்யாண மண்டபம்கூட உண்டு. எங்களுக்கு மட்டும் அந்தப் பெயரைக் கேட்டால் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஒன்றுதான் ஞாபகம் வரும். என் வீட்டுக்காரர் தங்கராஜுக்கும் அப்படித்தான் எழுதினார்கள். அவர் இப்போது இல்லை. அந்த நாட்களைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் வாயால் சொல்லப் போனால் பாதியில் வேறு கதைக்குத் தாவிவிடுகிறேன். வாயாடி என்று பெயர் எடுத்தவள் நான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இதே நிலைமை வந்த இன்னொரு வீட்டில் யாராவது படித்துவிட்டுக் கொஞ்சம் பயம் தெளிந்தால் நல்லது.

கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டம் எங்களுடையது. அவர் பால் வெட்டுகிறவர். நான் பிள்ளைக்காம்பரா ஆயம்மா, தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வேன். ஒரே மகள் கவிதாவை எம்பிலிப்பிட்டியவில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எங்கள் டிவிசனில் மரணாதார சங்கம் ஒன்று உண்டு. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் வாசலில் கொட்டகை போடுவது, வருகிறவர்கள் உட்காரக் கதிரை அடுக்குவது, பாதை நெடுக வெள்ளைக்கொடி கட்டுவது எல்லாம் சங்கத்து ஆட்கள் பொறுப்பு. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவது என் வீட்டுக்காரர் பொறுப்பு. இஞ்சி தட்டிப் போட்டு, சாயம் கறுக்காமல், பெரிய அண்டாவில் அவர் ஊற்றும் பிளேன்டீக்காகவே சாவு வீட்டில் கூடக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் கேலி செய்வேன். "சாவு வீட்ல அழுறதுக்கும் தெம்பு வேணும்டி" என்பார்.

நோய் கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் தழும்பாகத் தொடங்கியது. பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன் மலைக்குப் போக வேண்டும்; தூக்கம் கலைய வெற்றிலையும் புகையிலையும் ஒரு பக்கத்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். அந்தப் பக்கம்தான் வந்தது. முதலில் கறி உறைக்கிறது என்று என் சமையலைக் குறை சொன்னார். நானும் விடாமல் வாய்க்கு வாய் கொடுத்தேன். பிறகு வாய் முழுதாகத் திறக்கவில்லை. சோற்று உருண்டை சின்னதாகிக்கொண்டே வந்தது. கேகாலை ஆஸ்பத்திரியில் கன்னத்திலிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். இதற்குப் பயொப்சி என்று பெயர். சதையைப் பூதக்கண்ணாடியில் வைத்து எந்த மாதிரி நோய் என்று பார்ப்பது, அவ்வளவுதான். அதனால் நோய் பரவிவிடும் என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் சொன்னது பொய். முடிவு வரும் வரைக்கும் அந்தப் பொய்யை நம்பி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மகரகமையில் கரண்ட் பிடித்தார்கள். நோய் உள்ள இடத்துக்கு மட்டும் கதிர்வீச்சைப் பாய்ச்சி அதைச் சுட்டு அழிப்பதை நம் ஆட்கள் கரண்ட் பிடிப்பது என்பார்கள். சுடும்போது ஒன்றும் தெரியாது. பிறகுதான் வாயெல்லாம் வெந்துபோகும். கதிர் வேறு இடத்தில் படாதிருக்க முகத்தில் மையால் கோடு போட்டு அனுப்புவார்கள். அந்தக் கூடத்தில் நாங்கள் வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருந்த நாட்களை நான் மறக்க மாட்டேன். எனக்கு இந்தப் பக்கம் ஒரு பிக்கு, அந்தப் பக்கம் பேருவளையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் மீன் வியாபாரி, எதிரே வவுனியாவிலிருந்து வந்த ஓர் அம்மா. எல்லார் முகத்திலும் கழுத்திலும் அதே மைக்கோடு. பிக்குவின் முறை வந்தபோது அவர் எழுந்து, மிகவும் நொந்திருந்த அந்த அம்மாவை முன்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அந்த அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது, கும்பிட்டுவிட்டுப் போனார். நாட்டில் என்னென்னவோ நடந்திருக்கிறது, நானும் எல்லாம் பார்த்தவள்தான். அந்த வாங்கில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஏனோ கோயிலில் இருக்கிற மாதிரி இருந்தது.

கரண்டுக்கு நோய் கொஞ்ச காலம் அடங்கியிருந்து, பிறகு மூர்க்கமாகத் திரும்பியது. கன்னத்தில் உள்ளே இருந்த புண் வெளியே உடைத்துக்கொண்டது. சாப்பாடு இறங்காததால் மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் போட்டார்கள். கஞ்சி, பால், மருந்து எல்லாம் அதில்தான். புண்ணில் நாற்றம் வர ஆரம்பித்தது. இதை மறைத்து எழுதினால் இந்தக் கதையே பொய்யாகிவிடும். கேகாலை வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை, மெதுவாகத் தலைமாட்டை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். அவர் அதைப் பார்த்தார். அன்றிலிருந்து முகத்தில் துவாய் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார். எத்தனை சாவு வீட்டில் எத்தனை பேரை உட்கார வைத்துத் தேற்றிய மனிதர், பார்க்க வந்தவர்களையெல்லாம் வேண்டாம் என்று கையால் விரட்டினார்.

ஒரு நாள் பெரிய டொக்டர் என்னையும் அவருடைய தம்பி செல்வத்தையும் கூப்பிட்டுக் கதிரை போட்டு உட்கார வைத்தார். நின்றுகொண்டே கேட்டுப் பழகிய எங்களுக்குக் கதிரையைக் கண்டதுமே விஷயம் புரிந்துவிட்டது. இனிக் கரண்டும் பிடிக்க முடியாது, மருந்தாலும் நோய் போகாது என்றார். "ஆனா நோவை இல்லாம பண்ண ஏலும். அதுக்கு ஆஸ்பத்திரிதான் வேணும்னு இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஒங்க ஏரியா தாதி வந்து பார்ப்பாங்க" என்றார். நோய்த் தணிப்புப் பராமரிப்பு என்று அதற்குப் பெயர் சொன்னார். நோயைத் துரத்த முடியாதபோது, நோயாளியின் வலியையும் பயத்தையும், கூட இருக்கிறவர்களின் பயத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிற வைத்தியம் அது. அப்போது அதெல்லாம் என் காதில் ஏறவில்லை. கைவிட்டுவிட்டார்கள் என்று மட்டும் நினைத்தேன். எனக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம் இருந்தது. அந்த மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு சாகக் கூடாது.

செல்வம் வெளியே போய் சங்கத்துத் தலைவர் ஆறுமுகத்துக்குப் போன் எடுத்தான். அழுகையில் அவனுக்குப் பேச்சு வரவில்லை. "தலைவரே, அண்ணன வீட்டுக்குக் கொண்டு வாறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு, ஆஸ்பத்திரி வாசலில் நின்று யாராவது அழுதுகொண்டே அப்படிச் சொன்னால் அது சாவுச் சேதிதான். உயிரோடு வருகிறவர் தன் பாட்டில் பஸ்ஸில் வந்து இறங்குவார். அவருக்காக யாரும் போன் எடுத்து அழுவதில்லை.

ஆட்டோவில் என் மடியில் தலை வைத்து அவர் படுத்திருந்தார். மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துப் பாதைக்குத் திரும்பியதும் இரண்டு பக்கமும் வெள்ளைக்கொடி. அவர்தான் முதலில் கண்டார். திறக்காத வாயால், "யாரு?" என்று கேட்டார். அந்தப் பேச்சு எனக்கு மட்டும்தான் விளங்கும். "தெரியலங்க. மேட்டு லயத்துல யாராச்சும் போயிருப்பாங்க" என்றேன். கொடி மேட்டு லயத்துக்குத் திரும்பாமல் எங்கள் லயத்துக்கே வந்தது.

எங்கள் வாசலில் தறப்பாள் கட்டிக் கொட்டகை போட்டு முடித்திருந்தார்கள். பிளாஸ்டிக் கதிரைகள் வரிசையாக இருந்தன. ஓரத்தில் அடுப்பு மூட்டி அண்டா ஏற்றியிருந்தது. பெண்கள் தலையை விரித்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டோ நின்றதுதான் தாமதம், பக்கத்துக் காம்பரா பாக்கியம் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "ஏ அண்ணே, எங்களத் தவிக்க விட்டுட்டு..." என்று எடுத்தாள். அவள் எடுத்தால் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும். ஆட்டோவிலிருந்து அவர் ஒரு காலை வெளியே வைத்தார். பாக்கியத்தின் கை நெஞ்சுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது, வாய் மூடவில்லை.

பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று எனக்கு இருந்தது. ஆறுமுகம் ஓடி வந்து இரண்டு கையையும் கூப்பினார். "தங்கராசு, மன்னிச்சிருப்பா. செல்வம் அழுதுகிட்டே சொன்னான், நாங்க... இந்தா, இப்பவே பிரிச்சிர்றோம்" என்றார்.

அவர் என் தோளைப் பிடித்து இறங்கினார். கொட்டகையை அண்ணாந்து பார்த்தார். கதிரையைப் பார்த்தார். பிறகு நேரே அடுப்படிக்கு நடந்துபோய், அண்டா மூடியைத் தூக்கி முகத்தை ஆவியில் காட்டினார். என்னிடம் திரும்பி ஏதோ சொன்னார்.

"என்னாக்கா சொல்றாரு?" என்று பாக்கியம் பயந்துபோய்க் கேட்டாள்.

"இஞ்சி போடலையான்னு கேக்குறாரு" என்றேன்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே அழுதார்கள். நான் நடுவாசலில் உட்கார்ந்து தொடையில் அடித்துச் சிரித்தேன். இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று முப்பது வருடம் கூட வாழ்ந்தவள் நான் அன்றைக்குத்தான் வாய் பிளந்தேன்.

ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. கதிரையில் அவரை உட்கார வைத்ததும் காற்று திரும்பியது. முன்வரிசையில் இருந்தவர்கள் அறியாமலே கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்தார்கள். ஒரு பெண் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாள். அவர் எழுந்து உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "நாத்தம். யாரும் வேணாம். கதவச் சாத்து" என்றார். சாத்தினேன்.

வெளியே இன்னொரு தகராறு. கொட்டகையைப் பிரிப்பதா, விடுவதா? சாவுக்கென்று போட்ட கொட்டகையைப் பிணம் போகாமல் பிரித்தால் அது வேறு வீட்டைத் தேடும் என்று சிலர். பிரிக்காமல் விட்டால் "சாவு எப்போ, சாவு எப்போ" என்று அது அவர் தலைமாட்டில் நிற்கிற மாதிரி ஆகுமே என்று சிலர். இரண்டிலும் நியாயம் இருந்தது. ஆறுமுகம் தலையைச் சொறிந்து சொறிந்து, கடைசியில் கொடியை மட்டும் அவிழ்த்துவிட்டு, கொட்டகையை அப்படியே விட்டுவிட்டுப் போனார். காலியான கதிரைகள் மழையில் நனையாமல் உள்ளே இருந்தன, அதில் கோழிகள் ஏறி உட்கார்ந்தன.

அந்த நிலைமையில்தான் சந்தமாலி மிஸ் வந்தார். வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற தாதி. சிங்களம்தான் பேசுவார், நடுவில் தமிழையும் தைரியமாக எடுத்து விடுவார். கொட்டகையைக் கண்டதும் ஸ்கூட்டியைத் தள்ளி நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றி, குரலைத் தாழ்த்தி, "அக்கே, மளகெதரத?" என்று கேட்டார். சாவு வீடா என்கிறார்.

"ஆமா மிஸ், சாவு வீடுதான். ஆள் உள்ள இருக்காரு, உயிரோட" என்றேன்.

நடந்ததைச் சிங்களத்தில் சொல்லி முடித்தேன். சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் கொட்டகையைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "இத பிரிக்க வேணாம் அக்கே. எனக்கு வேலை இருக்கு இதுல" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மிஸ் உள்ளே வந்து, என் வீட்டுக்காரரின் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சின்ன இடுக்கில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவர் முகம் திரும்பியிருந்த பக்கத்திலேயே. "ஐயா, நான் பாக்கவா? நோகும்னா கைய தூக்குங்க, நிப்பாட்டுறேன்" என்றார். தண்ணீர் விட்டு நனைத்து நனைத்து, ஒட்டியிருந்த பழைய பஞ்சை எடுத்தார். கைக்கு உறை போட்டிருந்தார். மூக்கை மூடவில்லை, முகம் சுளிக்கவில்லை, மூச்சை அடக்கிக்கொண்டதாகவும் தெரியவில்லை. பெற்ற பிள்ளை புண்ணைப் பார்க்கிற மாதிரி கிட்டத்தில் குனிந்து பார்த்தார். கட்டிய மனைவி நானே கதவடியில் போய் மூச்சு வாங்கிவிட்டு வருகிறவள். இந்தப் பெண் யார் பெற்ற பிள்ளையோ, எங்கேயிருந்து இதைக் கற்றுக்கொண்டதோ என்று நான் மலைத்து நின்றேன். கும்பிட வேண்டும் போல இருந்தது, கையில் தண்ணீர்ச் சட்டி இருந்ததால் கும்பிடவில்லை.

நாற்றத்துக்கு மிஸ் செய்த வைத்தியத்தை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். புண்ணில் கிருமி சேருவதால்தான் நாற்றம் வருகிறது. வயிற்றோட்டத்துக்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பார்களே, மெட்ரோனிடசோல் என்று ஒரு குளிசை, அதைத் தூளாக்கிப் புண்ணில் தூவிக் கட்டினார். என்னையும் செய்ய வைத்துப் பழக்கினார். யாரும் இதைத் தன் பாட்டில் செய்யக் கூடாது, டொக்டர் எழுதிக் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். எத்தனையோ சாம்பிராணி, எத்தனையோ ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தவள் நான். சில நாளில் அந்த நாற்றம் அடங்கியது. முழுக்கப் போகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கதைக்கலாம் என்கிற அளவுக்கு ஆனது.

வலிக்கு மோர்ஃபின். பெயரைக் கேட்டதும் செல்வம் பயந்தான். "அது அபின் அண்ணி. மனுசன மயக்கிக் கொன்னுரும்" என்றான். மிஸ் அவனை உட்கார வைத்து, வலிக்கு ஏற்ற அளவில் நேரம் தவறாமல் கொடுத்தால் அது கொல்லாது, வலியைத்தான் அடக்கும் என்று விளக்கினார். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கொடுத்தார். முதல் தடவை குழாய் வழியாகக் கொடுத்துவிட்டு நான் பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் நெற்றியில் இருந்த சுருக்கம் விரிந்தது. மாதக்கணக்கில் இறுக்கியே பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. தூங்கினார். கல்யாணம் கட்டிய புதிதில் பார்த்த அதே முகம். அழுதுவிட்டேன்.

எழுந்தபோது அவர் சொன்னது, "இந்த மிஸ்ஸுக்குப் பால் வெட்டத் தெரியும்." பால் வெட்டுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும், கத்தி உள்மரத்தில் பட்டால் மரத்துக்குக் காயம். அந்தக் கைப் பக்குவம் மிஸ்ஸுக்கு இருந்தது என்கிறார். நான் இதை மிஸ்ஸிடம் சொன்னபோது அவர் முகம் சிவந்துபோனது.

அடுத்த தடவை வந்தபோதுதான் மிஸ் கொட்டகை வேலையை எடுத்தார். "ஐயா, வெளிய கதிர ஒன்னு சும்மா இருக்கு. இருக்கிறீங்களா?" என்றார். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "அங்க கோழி இருக்கு, ஐயா. ஒங்க கொட்டகையில கோழி இருக்கலாம், நீங்க இருக்க ஏலாதா?"

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பிறகு கையை நீட்டினார்.

அன்று பின்னேரம் கொட்டகையில் உட்கார்ந்தார். புதுக் கட்டு, சுத்தமான துவாய். முதலில் ஆறுமுகம் வந்து பக்கத்துக் கதிரையில், பக்கத்திலேயே, உட்கார்ந்தார். பிறகு பாக்கியம். பிறகு வேலை முடிந்து வந்தவர்கள். மறுநாளும் வந்தார்கள். அதற்கடுத்த நாளும். கடைக்கார முஸ்லிம் நானா டவுனிலிருந்து இஞ்சி கொண்டு வந்தார். கீழ்க் கிராமத்துச் சிங்களவர் சிலர் செவ்விளநீர் கொண்டு வந்தார்கள். குழாயில்தான் ஊற்ற முடியும், இருந்தாலும் கொண்டு வந்தார்கள். எம்பிலிப்பிட்டியவிலிருந்து கவிதா வந்து அப்பாவின் காலடியில் பாய் போட்டுக்கொண்டாள். பாக்கியம் தேத்தண்ணி ஊற்ற, இவர் மூடியைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்து, சரி அல்லது சரியில்லை என்று விரலால் காட்டுவார். பாக்கியம் அவரைத் திட்டிக்கொண்டே திரும்ப இஞ்சி தட்டுவாள்.

இப்போது நான் சொல்லப் போவதுதான் என்னால் இன்னும் நம்ப முடியாதது. கொட்டகைக்கு ஒரு குணம் இருக்கிறது. அதன் கீழ் உட்கார்ந்தால் நம் ஆட்களுக்குச் செத்தவரைப் பற்றிப் பேசத் தோன்றும். அதைத் தவிர வேறு பேச்சு அங்கே அவர்களுக்கு வராது. செத்தவர் கேட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். மண் சரிந்த வருடம் இவர் யாரைத் தோளில் தூக்கி வந்தார் என்று தூக்கப்பட்டவரே சொன்னார். தோட்டத்து நிர்வாகி துரையோடு சண்டை போட்டு யாருக்கு வேலை வாங்கிக் கொடுத்தார் என்று ஒருவர் சொல்ல, "அது நானில்ல, செல்வம்" என்று இவர் விரலால் காட்டித் திருத்தினார். ஒருநாள் பாக்கியம் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, எங்க வீட்டுக்காரு செத்தப்போ ரெண்டு நாளா நான் தண்ணி குடிக்கல. நீங்கதான் கோப்பையக் கையில வச்சிட்டு, நான் குடிக்கிற வரைக்கும் போகாம நின்னீங்க. நான் இதுவரைக்கும் ஒங்ககிட்ட சொல்லவே இல்லையே" என்று சொல்லி அழுதாள். அவர் கண்ணில் நீர் முட்டியது. எத்தனை சாவு வீடு பார்த்திருக்கிறேன், இப்படி நல்ல வார்த்தைகளைப் பிணத்துக்கு முன்னால் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். அவர் மட்டும் எல்லாவற்றையும் காதால் கேட்டார். ராசா மாதிரி உட்கார்ந்து கேட்டார்.

உடம்பு தளர்ந்ததும் கட்டிலைக் கதவுக்கு நேரே போட்டோம், கொட்டகை தெரிகிற மாதிரி. கடைசியில் மூச்சு எப்படி மாறும் என்று மிஸ் எனக்கும் கவிதாவுக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். இழுத்து விடுவார், நடுவில் நிற்கும், திரும்ப வரும், தொண்டையில் சத்தம் கேட்கும். பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருக்கும், அவருக்குத் தெரியாது. "கடைசி வரைக்கும் காது கேக்கும்னு சொல்வாங்க. கதைச்சிக்கிட்டே இருங்க" என்றார். தெரிந்திருந்ததால் நாங்கள் வாரிச்சுருட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. எவ்வளவு பெரிய உதவி அது.

மழை பெய்த ஒரு மத்தியானம். பால் வெட்டு இல்லாததால் கொட்டகை நிறைய ஆட்கள். ஆறுமுகம் ஏதோ பழைய பங்குனித் திருவிழாக் கதையைச் சொல்ல எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் வாசலைப் பார்த்தே இருந்தது. மூச்சு நின்றது. திரும்ப வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கவிதா என்னைப் பார்த்தாள். நான் உதட்டில் விரலை வைத்தேன். வெளியே சிரிப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது, அது முடியட்டும் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பயமே இல்லை. பிள்ளை பிறக்கும்போது அறைக்குள் ஒன்று வந்து நிற்குமே, அதே மாதிரி ஏதோ ஒன்று அங்கே நின்றது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு வாசலுக்குப் போய்ச் சொன்னேன். ஆண்கள் எல்லாரும் சட்டென்று எழுந்தார்கள். எழுந்த பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொட்டகை போட்டாயிற்று. கதிரை அடுக்கியாயிற்று. ஆறுமுகம் இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். "அண்டாவ ஏத்துங்க" என்றேன். பாக்கியம் இஞ்சியை எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு அவள் ஒப்பாரி வைக்கவில்லை. முதலிலேயே வைத்துவிட்டாள் அல்லவா.

கருமாதி முடிந்து கொட்டகையைப் பிரித்தார்கள். மறுநாள் காலையில் கதவைத் திறந்ததும் வாசலில் வெயில் விழுந்தது. அந்த வெளிச்சத்தை என்னால் தாங்க முடியவில்லை. வேலைக்குப் போனேன், பிள்ளைகளுக்குப் பால் கரைத்தேன், ஆனால் என் வாய் எங்கேயோ போய்விட்டது. வாயாடி பேசாமல் இருந்தால் ஊருக்கே பயம் வரும் போல, யாரும் என்னிடம் வரவில்லை. வந்தால் அவர் பேச்சை எடுக்காமல் மழை, அரிசி என்று சுற்றி வளைத்தார்கள்.

ஒரு நாள் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. சந்தமாலி மிஸ் வந்து பழைய ஸ்டூலை இழுத்துப் போட்டு என் முன்னால் உட்கார்ந்தார்.

"மிஸ், மிச்ச மருந்தெல்லாம் திருப்பிக் குடுத்தாச்சே" என்றேன்.

"தன்னவா. தெரியும் அக்கே. இன்னைக்கு ஒங்களப் பாக்க வந்தேன். எங்க நோவுது?"

எங்கே என்று சொல்வது? அவர் அவசரப்படுத்தவில்லை, கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் நான் ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் இஞ்சி வாங்கப் போனால் கடைக்காரர் உயிரை எப்படி வாங்குவார் என்பதிலிருந்து தொடங்கி, பொழுது சாயும் வரைக்கும் பேசினேன். மிஸ் அதன் பிறகும் சில தடவை வந்தார். செத்தவரைப் பற்றிப் பேசினால் அழுவார்கள் என்று ஒதுங்காதீர்கள், பேசத்தான் வேண்டும் என்று பாக்கியத்திடமும் ஆறுமுகத்திடமும் சொல்லிவிட்டுப் போனார். பாக்கியம் பின்னேரங்களில் வரத் தொடங்கினாள். அவர் பெயரை அவளே எடுப்பாள். இருவரும் அவரைக் கூட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி பேசிப் பேசி, என் வாய் திரும்ப வந்தது.

இந்த வருடம் பாக்கியத்துக்கு ஈரலில் கட்டி. அவளும் மகரகமைக்குப் போய் வந்தாள். போன வாரம் கேகாலை ஆஸ்பத்திரியில் அவள் மகனைக் கதிரை போட்டு உட்கார வைத்துச் சொல்லிவிட்டார்கள். அவன் போன் எடுத்து, "அம்மாவ வீட்டுக்குக் கொண்டு வாறோம்" என்றான். ஆறுமுகம் உடனே கேட்டாராம், "உயிரோடதானே?" உயிரோடுதான்.

அவர் நேரே என்னிடம் வந்தார். தறப்பாள் தோளில் இருந்தது, முகத்தில் பழைய குழப்பம்.

"தங்கச்சி, என்னா செய்ய? இப்பவே போடவா, இல்ல..."

"இப்பவே போடுங்கண்ணே. அவ இருக்கும்போதே."

"கொடி?"

"கொடி வேணாம். கொட்டகையும் கதிரையும் மட்டும்."

நான் அண்டாவை ஏற்றினேன். ஆட்டோ வந்து நின்றபோது வாசல் நிறைய ஆட்கள். யாரும் தலையை விரித்திருக்கவில்லை. பாக்கியம் ஒரு காலை வெளியே வைத்து, தறப்பாளையும் கதிரைகளையும் எங்கள் எல்லாரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்கா?" என்றாள்.

"வேற யாருக்கு? வந்து குந்து" என்றேன்.

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள். கதிரைக்குப் போகவில்லை. நேரே அடுப்படிக்குப் போய் அண்டா மூடியைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இஞ்சி பத்தாது."